மாஜிதாவின் ஒட்டகங்கள்

ஹபீபுல்லா ஒட்டக கேமை முடித்த கதையைக் கேட்காதவர்கள் அந்தக் குடும்பத்தில் கிடையாது. கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது சொல்வார். பெருநாளைக்கு மாப்பிள்ளைமார் கூடி உட்கார்ந்தால் சொல்வார். சவூதியில் தம்மாமிலிருந்து லீவில் வந்து இறங்கி, பெட்டியின் கயிற்றைக்கூட அறுக்காமல் சொன்னதும் உண்டு. கதை எப்போதும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கும்.

"கடேசில கோட்டைக்குப் போய்ச் சேந்தேன். முரசு அடிச்சாங்க. தங்கத்துல சட்டம் போட்டு ஒரு படம் வந்துச்சு. கோட்டைக்காரன் நெஞ்சுல கைய வச்சு எனக்கு மரியாத பண்ணுதான்." இதைச் சொல்லிவிட்டுத் தங்கையைத் திரும்பிப் பார்ப்பார். "இவ அந்தக் கோட்டையக் கண்ணாலயே பாத்தது கிடையாது."

மாஜிதா அப்போது தண்ணீர் செம்பை நகர்த்தி வைப்பாள், அல்லது பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிடுவாள். கேட்காதது போல் இருப்பதில் அவள் கெட்டிக்காரி. ஆனால் உள்ளே கொதிக்கும். நாற்பதைத் தொட்ட பெண்ணுக்கு, கல்லூரிக்குப் போகும் மகளுடைய தாய்க்கு, ஒரு விளையாட்டின் பேரில் இத்தனை வீம்பா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். அண்ணன் தம்பிகளோடு பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சங்கதி இவ்வளவுதான். மாஜிதாவுக்குப் பதினாலு வயதாக இருந்தபோது, சார்ஜாவில் இருந்த அவள் வாப்பா ஒரு கம்ப்யூட்டரைத் தென்காசிக்குக் கொண்டுவந்தார். தெருவில் முதல் கம்ப்யூட்டர் அதுதான். கூடவே ஒரே ஒரு கேம் சிடி. அரபு நாட்டுப் பிள்ளைகளுக்காக அங்கேயே யாரோ செய்தது. பாலைவனத்தில் ஒட்டகக் கூட்டத்தை நடத்திக்கொண்டு ஊர் ஊராகச் சரக்கு வாங்கி விற்று, கிணறு கிணறாகத் தண்ணீர் பிடித்து, மணல் காற்றுக்கும் திருடர்களுக்கும் தப்பி, கடைசியில் கடலோரத்துக் கோட்டைக்குப் போய்ச் சேர வேண்டும். திரையில் வருவதெல்லாம் அரபு எழுத்து. அண்ணனும் தங்கையும் மதரஸாவில் ஓதியவர்கள் என்பதால் எழுத்தை எல்லாம் தடுமாறாமல் வாசித்துவிடுவார்கள். ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாது. திருடன் வந்து எச்சரிக்கை விட்டால்கூட ஹபீபுல்லா அதை அழகாக ராகம் போட்டு ஓதுவார், அதற்குள் திருடன் ஒட்டகத்தை ஓட்டிக்கொண்டு போய்விடுவான்.

அந்தக் கேமை அண்ணனைவிட நன்றாக ஆடியவள் மாஜிதா. கடைசிக்கு முந்தின ஊர்வரை முதலில் போனவளும் அவள்தான். அந்தச் சமயம் பார்த்து உம்மா அவளை ஒரு கல்யாணத்துக்காகக் கடையநல்லூருக்குக் கூட்டிப் போய்விட்டார். திரும்பி வந்தபோது அண்ணன் வாசலிலேயே நின்றுகொண்டு, முடித்துவிட்டேன் என்றார். இவள் உள்ளே ஓடிப்போய் உட்கார்ந்தாள். அது குற்றாலத்தில் சீசன் உச்சத்தில் இருந்த சமயம். சாரல் தென்காசி வரைக்கும் அடித்து, வீட்டில் அப்பளம் முதல் மெத்தை வரை எல்லாம் நமுத்துப்போய்க் கிடந்தது. உறையில் போடாமல் ஜன்னலோரம் வைத்திருந்த சிடியில் பூஞ்சை பிடித்திருந்தது. துடைத்துப் பார்த்தாள், பற்பசை போட்டுத் தேய்த்துப் பார்த்தாள். கம்ப்யூட்டர் அதை ஏற்கவே இல்லை. உறையில் போடாதது யார் என்று கேட்டதற்கு ஹபீபுல்லா இன்றுவரை பதில் சொல்லவில்லை.

அதன் பிறகு அண்ணன் வளைகுடாவுக்குப் போனார். மாஜிதா பி.காம். முடித்தாள், முகம்மது சலீமைக் கல்யாணம் செய்துகொண்டாள். சலீமும் சார்ஜாவில்தான் வேலை. அமைதியான மனிதர், மனைவி சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பவர். மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும், மாஜிதா வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் இசக்கிப்பாண்டி அண்ணாச்சியின் கமிஷன் கடையில் பில் போடுகிற வேலைக்குச் சேர்ந்தாள். ஆரம்பத்தில் சொந்தக்காரர்கள் முகத்தைச் சுளித்தார்கள். மூட்டை தூக்குகிறவர்களும் டெம்போக்காரர்களும் கூச்சல் போடுகிற இடத்தில் நம் வீட்டுப் பெண்ணா என்றார்கள். இப்போது அவர்களே தக்காளி விலை கேட்டு அவளுக்குத்தான் போன் செய்கிறார்கள்.

அண்ணாச்சியின் கடையில் பில் போடுவது ஒரு பழங்காலப் புரோகிராம். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. எழுதிக் கொடுத்த ஆள் எந்த ஊரில் இருக்கிறார் என்றே யாருக்கும் தெரியாது. ஒரு நாள் பழைய கம்ப்யூட்டர் புகை விட்டது. புதிது வாங்கி வந்தார்கள். புதியதில் அந்தப் புரோகிராம் ஓட மாட்டேன் என்றது. வேறு புரோகிராம் வாங்குவோம் என்று எல்லோரும் சொன்னார்கள். அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவில்லை. அவருக்கு அந்தப் பச்சை எழுத்தைப் பார்த்தால்தான் வியாபாரம் நடக்கிற நம்பிக்கை. மாஜிதா யூடியூபில் தேடித் தேடி ஒரு வழியைக் கண்டுபிடித்தாள். புதிய கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு பழைய கம்ப்யூட்டரைப் போல நடிக்கிற புரோகிராம் ஒன்று இருக்கிறது. அதற்குள் போட்டுவிட்டால், பழைய சரக்கு, இன்னும் அந்தக் காலத்தில்தான் இருக்கிறோம் என்று நம்பி ஓடத் தொடங்கிவிடும். அவள் போட்டாள். பச்சை எழுத்து வந்தது. அண்ணாச்சி கடையில் இருந்த எல்லோருக்கும் பால் பன் வாங்கிக் கொடுத்தார்.

பன்னைத் தின்றுகொண்டிருக்கும்போதே மாஜிதாவுக்கு வேறொரு எண்ணம் ஓடியது. வெண்டைக்காய்க் கணக்கை உயிர்ப்பிக்க முடியும் என்றால் ஒட்டகத்தை உயிர்ப்பிக்க முடியாதா?

முடியும். ஆனால் ஒட்டகம் வேண்டுமே. அந்தக் கேமைச் செய்த கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. விற்பவரும் இல்லை, உரிமை கேட்பவரும் இல்லை. பழைய கேம்களைத் தேடுகிறவர்கள் கூடுகிற இணையதளங்களில் கேட்டுப் பார்த்தாள். கேள்விப்பட்டதே இல்லை என்றார்கள். சிடி உறையில் இருந்த ஒட்டகத்தை நினைவிலிருந்து வரைந்து போட்டாள். அந்த ஒட்டகத்தைப் பார்த்தால் ஆடு என்று சொல்லலாம், தப்பில்லை. ஆனாலும் அஜ்மானிலிருந்து ஒருவர் பதில் போட்டார். அங்கே ஒரு எகிப்துக்காரர் பழைய கம்ப்யூட்டர் சாமான் கடை வைத்திருக்கிறார், அவரிடம் பிரிக்காத பெட்டி ஒன்று பார்த்தேன் என்றார்.

சலீம் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடித்து அஜ்மானுக்குப் போனார். எகிப்துக்காரர் சும்மா விற்றுவிடவில்லை. இந்தக் கேம் உனக்கு எதற்கு என்று துருவித் துருவிக் கேட்டாராம். என் மச்சினனை என் மனைவி ஜெயிக்க வேண்டியிருக்கிறது என்று சலீம் உள்ளதைச் சொன்னார். எகிப்துக்காரருக்கும் தங்கைகள் இருந்திருக்க வேண்டும். ஒரு டீயும் கொடுத்துப் பெட்டியையும் கொடுத்து அனுப்பினார்.

வளைகுடாவிலிருந்து சாமான் ஊருக்கு வருவது தபாலில் இல்லை. ஆளில்தான். யார் ஊருக்குப் போகிறாரோ அவர் பெட்டியில் இடம் பிடிக்க வேண்டும். இலத்தூர்க்காரர் யாசர் போகிறார் என்று தெரிந்து சலீம் அவரிடம் கொடுத்துவிட்டார். யாசர் ஊருக்கு வந்த மறுநாள் மாஜிதா பஸ் ஏறி இலத்தூருக்குப் போனாள். யாசர் வெளியே போயிருந்தார். அவருடைய உம்மா ஜாஹிரா பீவி இருந்தார். பெட்டியைப் பிரித்தவர் அவர்தான். டாங் டப்பா, தைலம், சோப்பு எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன், உன் பொருள் பத்திரமாக இருக்கிறது என்று சொல்லி, எழுந்து நின்று மேலே கையைக் காட்டினார்.

அலமாரியின் உச்சித் தட்டில் முஸாபு, அதாவது குர்ஆன், இருந்தது. அதன் பக்கத்தில், பச்சைப் பட்டுத் துணியில் சுற்றி, ஒட்டக கேம் இருந்தது. முன்னால் ஊதுவத்தி புகைந்துகொண்டிருந்தது.

அரபு எழுத்தைப் பார்த்தவுடன் ஜாஹிரா பீவி அதைத் தரையில் வைக்க மனம் வராமல் மேலே ஏற்றிவிட்டார். மாஜிதா கையை நீட்டினாள். குர்ஆனைத் தொடும் முன் கை கால் முகம் கழுவுகிற ஒளு இருக்கிறதா என்று கேட்டார். மாஜிதா பஸ்ஸில் வந்தவள். இது விளையாட்டு என்று சொன்னால் அவர் மனம் சங்கடப்படுமே என்று ஒரு நொடி நினைத்தாள். ஆனால் பொய் சொல்லவும் வரவில்லை.

"மாமி, இது ஓதுறது இல்ல. கேம். ஒட்டகத்த ஓட்டிட்டுப் போறது."

ஜாஹிரா பீவி கொஞ்சமும் அசையவில்லை. "இருந்துட்டுப் போகட்டும். எழுத்து அந்த எழுத்துதானே. நீ போய் ஒளு செஞ்சுட்டு வா."

மாஜிதா கொல்லைக் குழாயில் ஒளு செய்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, இரண்டு கையாலும் கேமை வாங்கிக்கொண்டாள். உலகத்தில் எந்த விளையாட்டுக்கும் இப்படி ஒரு மரியாதை கிடைத்திருக்காது.

வீட்டுக்கு வந்து பார்த்தால் லேப்டாப்பில் சிடி போடுகிற இடமே இல்லை. அந்த வழக்கம் போய் எவ்வளவோ காலமாயிற்று. தென்காசி ரத வீதியில் கல்யாண வீடியோ எடுக்கிற ஸ்டூடியோவில் தனியாகச் செருகுகிற டிரைவ் ஒன்று தூசி படிந்து கிடந்தது. இரவல் வாங்கி வந்தாள். சிடியில் இருந்ததை அப்படியே லேப்டாப்புக்குள் எடுத்து வைத்துவிட்டு, சிடியை இறுக்கமான டப்பாவில் அரிசியோடு போட்டு மூடினாள். சாரலை இனி நம்புவதாக இல்லை.

புதிய விண்டோஸ் கேமை வாசலிலேயே நிறுத்திவிட்டது. அது எதிர்பார்த்ததுதான். சந்தையில் செய்தது போலவே லேப்டாப்புக்குள் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை உண்டாக்கி, அதில் பழைய விண்டோஸைப் போட்டு, அதற்குள் கேமை ஏற்றினாள். ஒட்டகங்கள் வந்தன. பார்த்தவுடன் கண்ணில் நீர் கோத்துவிட்டது, அதை மறைக்க அங்கே யாரும் இல்லாததால் தாராளமாக அழுதாள். ஆனால் அம்புக்குறி விசையைத் தொட்டதும் ஒட்டகங்கள் மோட்டார் சைக்கிள் மாதிரிப் பறந்து பாலைவனத்தைத் தாண்டிப் பாறையில் முட்டிச் செத்தன. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரின் வேகத்துக்குத் தகுந்தபடி நடக்கப் பழகிய ஒட்டகங்கள் அவை. உள்ளே இருக்கும் பழைய கம்ப்யூட்டரின் வேகத்தைக் குறைத்துக் குறைத்து, ஒட்டகம் ஒட்டகமாக நடக்கிற இடத்தில் நிறுத்தினாள்.

எழுத்துகள் மட்டும் கெட்டுப்போய் வந்தன. அரபு இருக்க வேண்டிய இடத்தில் தலையில் கொம்பும் காலில் வாலும் முளைத்த ஆங்கில எழுத்துகள். போகட்டும், அன்றைக்கும் பொருள் தெரியாமல்தானே ஆடினோம் என்று மாஜிதா ஆடத் தொடங்கினாள். சந்தை வேலை மதியத்தோடு முடிந்துவிடும். சாப்பிட்டு, லுஹர் தொழுது, உட்காருவாள். கை எதையும் மறக்கவில்லை. எந்தக் கிணறு வற்றியிருக்கும், எந்த மேட்டுக்குப் பின்னால் திருடன் இருப்பான் என்று எல்லாம் தெரிந்திருந்தது. ஒவ்வொரு ஊராகத் தாண்டி, ஒட்டகங்கள் நிறையச் சரக்கோடு, ஒரு நாள் அந்தக் கோட்டைக்கு முன்னால் போய் நின்றாள்.

முரசு முழங்கியது. தங்கச் சட்டம் போட்ட படம் வந்தது. கோட்டைக்காரன் நெஞ்சில் கை வைத்து நின்றான். அண்ணன் சொன்னது அத்தனையும் உண்மை. மாஜிதா துள்ளி எழுந்தாள். கொஞ்ச நேரம் வீட்டுக்குள் நடந்தாள். பிறகு அவளுக்கு ஏனோ நிறைவாக இல்லை. படம் மறைந்து கேம் பழையபடி முதல் பக்கத்துக்குப் போய்விட்டது. இத்தனை பாடுபட்டு வந்தவளைக் கோட்டைக்குள் விடாமல் வாசலிலேயே நிறுத்தி அனுப்புவது என்ன மரியாதை?

படத்துக்குக் கீழே நாலு வரி எழுத்து இருந்தது. அதைப் படித்தாக வேண்டும் என்று பிடிவாதம் வந்தது. பழைய விண்டோஸின் அமைப்புகளைத் துழாவி, எழுத்து எந்த நாட்டுடையது என்று சொல்கிற இடத்தைக் கண்டுபிடித்து அரபுக்கு மாற்றினாள். கொம்பும் வாலும் உதிர்ந்து எழுத்துகள் நல்லபடியாக வந்தன. சேமித்து வைத்த இடத்திலிருந்து மறுபடி கோட்டைவரை ஆடி, அந்த நாலு வரியைப் படம் பிடித்துச் சலீமுக்கு அனுப்பினாள். அத்தனை வருடம் அரபுகளோடு புழங்கிய சலீமுக்குப் பேச்சும் வரும், பொருளும் தெரியும். உடனே வீடியோவில் வந்தார். அவர் முகத்தில் சிரிப்பை அடக்குவது தெரிந்தது.

"ஏட்டி, இது ஜெயிச்ச படம் இல்ல. 'வணிகரே, பொழுது சாஞ்சுட்டு. கோட்டை வாசலச் சாத்தியாச்சு. திரும்பிப் போவும்'னு போட்டிருக்கு. நெஞ்சுல கைய வச்சா இங்கன மரியாதையா வேண்டாம்னு சொல்லுதான்னும் அர்த்தம் உண்டு."

மாஜிதா திரையைப் பார்த்தாள். பிறகு சலீமைப் பார்த்தாள். அண்ணன் பொய் சொல்லவில்லை. தோற்றதைத்தான் ஜெயித்ததாக நினைத்து, கால் நூற்றாண்டாகப் பந்திக்குப் பந்தி பரிமாறிக்கொண்டிருக்கிறார். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் அவள் சொன்னாள், இதை அண்ணனிடம் மூச்சு விடக் கூடாது என்று. வெறும் கையோடு போய் நீ தோற்றாய் என்று சொன்னால் அது வாய்ச்சண்டையாகத்தான் முடியும். வாசலைத் திறந்து காட்ட வேண்டும்.

அது சொன்ன மாதிரி எளிதாக இல்லை. திரையின் மூலையில் ஒரு குட்டிச் சூரியன் இருக்கும். சிறுவயதில் அதை அழகுக்கு வைத்ததாக நினைத்திருந்தார்கள். அது மெல்ல மெல்லக் கீழே இறங்குவதை இப்போதுதான் கவனித்தாள். அது மறைவதற்குள் கோட்டைக்குப் போக வேண்டும். குறுக்கு வழிகளைப் பார்த்தாள், கிணறுகளில் நிற்கும் நேரத்தைச் சுருக்கினாள். ஒவ்வொரு முறையும் கோட்டை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் சூரியன் இறங்கிவிடும். முரசு அடிக்கும். கோட்டைக்காரன் நெஞ்சில் கை வைப்பான். அந்த ஆளை நேரில் பார்த்தால் என்ன செய்வாள் என்று மாஜிதாவுக்கே தெரியாது.

அண்ணன் லீவுக்கு வருகிற நாள் நெருங்கிவிட்டது. வந்த கையோடு எல்லோரும் குற்றாலம் போவதாகவும், அங்கே ஒரு வீடு எடுத்துத் தங்குவதாகவும் ஏற்பாடு. மாஜிதா கோட்டைக்கு வெளியேதான் நின்றுகொண்டிருந்தாள்.

குற்றாலத்துக்குக் கிளம்புகிற அன்று காலையில்கூட அவள் சந்தைக்குப் போனாள். பேச்சித்தாய் என்று ஒரு அம்மாள், பக்கத்து ஊரில் அரை ஏக்கரில் வெண்டை போட்டிருப்பவர், எப்போதும் முதல் பஸ்ஸிலேயே வந்துவிடுவார். அன்றைக்குப் பாதிச் சாக்குதான் கொண்டுவந்திருந்தார். செடியில் காய் இல்லையா என்று மாஜிதா பில் போட்டபடியே கேட்டாள்.

"கிடக்கு, நெறையக் கிடக்கு. அதையும் பறிச்சிட்டிருந்தா கேரளாக்காரன் லாரி போயிரும்லா. பெறவு யாரு வாங்குதா? சந்தைக்கு வந்து சேந்ததுதான் காயி, மத்ததெல்லாம் செடி."

மாஜிதாவின் கை விசைப்பலகையில் அப்படியே நின்றுவிட்டது. இத்தனை வருடம் அந்தச் சந்தையில் உட்கார்ந்து, முழு லோடு ஏற்றிக்கொண்டு தாமதமாக வந்தவர்கள் தலையில் கை வைத்து நிற்பதைத் தினமும் பார்த்தவள் அவள். ஆனால் வீட்டுக்குப் போய்க் கேமில் உட்கார்ந்தால், ஒட்டகத்தின் மேலிருந்து ஒரு மூட்டையைக்கூட இறக்க மனமில்லாமல், ஊர் ஊராகச் சேர்த்த உப்பையும் பேரீச்சம்பழத்தையும் தோலையும் சுமந்துகொண்டு போயிருக்கிறாள். ஒட்டகம் எப்படி நடக்கும்? தன்னையே தலையில் குட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அண்ணாச்சி, பில் என்ன ஆச்சு என்று கேட்டார். ஆடிப் பார்க்க அன்று நேரமில்லை. வேன் வாசலில் வந்து நின்றிருந்தது.

குற்றாலத்தில் அன்றைக்கு அருவிகள் வெறி பிடித்து விழுந்தன. மெயின் அருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவான ஆர்ச்சைத் தாண்டிக் கொட்டியது. ஐந்தருவியிலும் பழைய குற்றாலத்திலும் கயிறு கட்டி, குளிக்கத் தடை என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். துண்டும் எண்ணெயுமாகக் கிளம்பியவர்கள் நனைந்த கோழிகளாகத் திரும்பி வந்து வாடகை வீட்டின் கூடத்தில் உட்கார்ந்தார்கள். அடுப்பில் நெய்ச்சோறு வெந்துகொண்டிருந்தது. செய்வதற்கு ஒன்றும் இல்லை. இப்படிப்பட்ட நேரத்துக்காகவே காத்திருந்தவர் போல ஹபீபுல்லா தொண்டையைக் கனைத்தார்.

"அந்தக் காலத்துல நான் ஒட்டக கேம முடிச்சப்ப..." என்று ஆரம்பித்தார். அவர் மனைவி ஹுஸ்னா சமையலறையிலிருந்து, முரசு அடிச்சாங்களா என்று அலுப்போடு கேட்டாள்.

மாஜிதா லேப்டாப்பைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். ஒட்டகங்கள் வரிசையாக நின்றன. ஹபீபுல்லா திரையை நோக்கிக் குனிந்தார். பாலைவனத்தின் மணலை விரலால் தொட்டுப் பார்த்தார். எங்கே கிடைத்தது, எப்படி ஓடுகிறது என்று அவர் கேட்டதற்கெல்லாம் அவள் பொறுமையாகப் பதில் சொன்னாள். நானே ஆடிப் பார்க்கிறேன் என்றார். கடைசி ஊர்வரை வந்து சேமித்து வைத்த இடத்திலிருந்து ஆடக் கொடுத்தாள். கூடம் முழுக்க அவரைச் சுற்றிக் கூடிவிட்டது. மனிதர் ஒரு மூட்டையைக்கூடக் கீழே இறக்கவில்லை. எல்லாக் கிணற்றிலும் நின்று தண்ணீர் பிடித்தார். திருடர்களை ஏமாற்றிய இடத்தில் மீசையைத் தடவிக்கொண்டார். கோட்டை வந்தது, முரசு முழங்கியது, தங்கச் சட்டம் வந்தது.

"பாத்தியளா, இதான். இதத்தான் நான் அன்னைக்கே சொன்னேன்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். மாஜிதாவும் தட்டினாள். கீழே என்ன எழுதியிருக்கிறது என்று ஹுஸ்னா கரண்டியும் கையுமாக வந்து கேட்டாள். ஹபீபுல்லா நிமிர்ந்து உட்கார்ந்தார். பதினேழு வயதில் வாசித்தாரே, அதே ராகத்தில், அதே நீட்டலோடு வாசிக்கத் தொடங்கினார். ஆனால் இப்போது அவர் பதினேழு வயதுப் பையன் இல்லை. இருபது வருடத்துக்கு மேல் தம்மாமில் அரபிகளிடம் வேலை பார்த்தவர். முதல் வரியை நன்றாகத்தான் வாசித்தார். இரண்டாம் வரியில் ராகம் நின்றது. மூன்றாம் வரியில் குரல் இறங்கியது. நாலாம் வரியை வாசிக்கவே இல்லை.

என்னவாம் என்று ஹுஸ்னா திரும்பக் கேட்டாள். ஹபீபுல்லா மாஜிதாவின் முகத்தைப் பார்த்தார். அவளுக்கு முன்பே தெரியும் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

"வாசலச் சாத்திட்டாங்களாம்" என்றார். கூடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. அவரே சமாளித்துக்கொண்டு, அந்த வாசல் யாருக்கும் திறக்காது, கேமையே அப்படித்தான் செய்திருக்கிறார்கள் என்றார். இதிலிருந்து ஒரு அடிகூடப் பின்வாங்க அவர் தயாராக இல்லை என்பது தெரிந்தது. "திறக்கும்னா நீ திறந்து காட்டேன், பாப்போம்."

மாஜிதா லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள். தோற்றால் அண்ணன் சொல்வதுதான் சட்டம், இன்னும் கால் நூற்றாண்டுக்கு அந்தக் கதை ஓடும். அதே இடத்திலிருந்து தொடங்கினாள். முதல் கிணற்றில் ஒட்டகங்களை நிறுத்தி, உப்பு மூட்டைகளை இறக்கினாள். தோலை இறக்கினாள். ஏட்டி, என்ன செய்த, அத்தனையும் பாடுபட்டுச் சேத்ததுல்லா என்று ஹபீபுல்லா பதறி அவள் கையைப் பிடிக்க வந்தார். தட்டிவிட்டாள். பேரீச்சம்பழத்தில் பாதியை வைத்துக்கொண்டு மிச்சத்தையும் மணலில் போட்டாள். ஒட்டகங்கள் எழுந்து நடந்தன. அப்படி ஒரு நடையை அவள் அந்தக் கேமில் பார்த்ததே இல்லை. அடுத்த கிணற்றில் நிற்கவில்லை. திருடர்கள் வந்தார்கள், திருட ஒன்றும் பெரிதாக இல்லை என்று கண்டு பின்தங்கிவிட்டார்கள். மூலையில் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. கோட்டை தெரிந்தது. யாரோ, போ போ என்றார்கள். அது ஹபீபுல்லாவின் குரல் என்று மாஜிதாவுக்குப் பிறகுதான் தெரிந்தது.

சூரியனில் நகக்கண் அளவு மிச்சம் இருக்கும்போது முதல் ஒட்டகம் வாசலைத் தொட்டது.

முரசு இல்லை. தங்கச் சட்டமும் வரவில்லை. கதவு இரண்டாகப் பிரிந்து திறந்தது. உள்ளே நிஜமான ஒரு சந்தை. கூடைக்காரிகளும் தராசுகளும் சுமை தூக்குகிறவர்களுமாகப் படம் நிறைந்திருந்தது. அதற்கும் அப்பால் நீலமாகக் கடல், பாய் விரித்த கப்பல்கள். மாஜிதாவுக்குச் சந்தோஷத்தில் கத்த வேண்டும் போல இருந்தது, கத்தியும் விட்டாள். பிள்ளைகள் குதித்தார்கள். ஹுஸ்னா கரண்டியோடு நாத்தனாரைக் கட்டிக்கொண்டதில் நெய் முக்காட்டில் ஆயிற்று.

திரையில் ஒரு பலகை வந்தது. கோட்டைக்குள் வந்த வணிகரின் பெயர் என்ன என்று கேட்கிறது என்று ஹபீபுல்லா சொன்னார். இந்த முறை ராகம் போடவில்லை. மாஜிதா அரபு விசைகளைத் தேடித் தேடி, மதரஸாவில் சிலேட்டில் எழுதிப் பழகிய தன் பெயரை எழுத்து எழுத்தாகப் பதித்தாள். பலகையில் அது பொன் நிறத்தில் நின்றது.

ஹபீபுல்லா அதைப் பார்த்துக்கொண்டே சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். குடும்ப வாட்ஸ்அப் குழுவைத் திறந்தார். அதில் சென்னையிலிருந்து சார்ஜா வரைக்கும் எல்லோரும் இருக்கிறார்கள், சலீமும் இருக்கிறார். குரல் பதிவுப் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கல்யாணப் பந்தியில் பேசுகிற அதே உரத்த குரலில் பேசினார்.

"எல்லாருக்கும் சலாம். ஒட்டக கேம மாஜிதா முடிச்சிட்டா. வாசலத் திறந்து உள்ள போயிட்டா, நான் பக்கத்துல இருந்து பாத்தேன். இத்தன வருசமா நான் முடிச்சதாச் சொன்னது தப்பு. நான் வாசல்ல நின்னவந்தான்."

அனுப்பிவிட்டு, நெய்ச்சோறு அடி பிடிக்கிற வாசனை வருகிறது என்று மனைவியைப் பார்த்துச் சொன்னார். மாஜிதா தன் போனை எடுத்து, அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே, அந்தப் பதிவை முதலிலிருந்து கேட்டாள். முடிந்ததும் இன்னொரு தடவை கேட்டாள்.